புரதம் வராத ஆறு மாதம்

மனித மரபணுவைப் பக்டீரியாவிடம் கொடுத்துப் புரதம் செய்விப்பது எங்கள் வேலை. புரதம் வராவிட்டால் ஆரில் பிழை பிடிக்கலாம் என்று தேடுவதும் அதில் சேர்ந்ததுதான். இதில் மாரடிக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கைவேலை

மெல்பேர்ண் ஆய்வுகூடத்தில் நான் சீனியர். நிரோஷா கொழும்பில் இருந்து வந்த பிஎச்டி மாணவி. ஆறு மாதமாக அவளுக்குப் புரதம் வரவில்லை. வருடமுடிவுக்குள் வராவிட்டால் ஸ்கொலர்ஷிப்பும் போச்சு, விசாவும் போச்சு. "அண்ணா, இந்த மரபணுவில இருக்கிற கன கோடன்களைப் பக்டீரியா பாவிக்கிறதே குறைவு. அதைப் பாப்பமா?" என்று கேட்டாள். கோடன் என்பது மரபணுவின் மூன்றெழுத்துச் சொல்; பழக்கமில்லாத சொல் நிறைய வந்தால் பக்டீரியா புரதத்தை இடையிலேயே விட்டுவிடும். இருபது வருஷம் பக்டீரியாவோடு குடித்தனம் நடத்தின நான் கேட்பேனா? பேராசிரியரின் அறைக்குப் போய், பிள்ளையின் கைவேலை சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் அவர் எல்லாருக்கும் முன்னால் அவளைப் பைப்பெற் பிடித்துத் துளி அளக்கச் சொல்லிப் பார்த்தார். முடிந்ததும் அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணா, நான் பிடிச்ச விதம் சரியோ?"

என் கையெழுத்து

அந்தக் கோடன்களை வாசிக்க உதவும் ஆர்.என்.ஏ.க்களைக் கூடுதலாக வைத்திருக்கிற பக்டீரியா ஒன்று இருக்கிறது. எங்கள் ஃபிரீசரிலேயே ஒரு குப்பி கிடந்தது. வாங்கிப்போட்டு மறந்ததும் நான்தான். அவள் சொன்னது பிழையென்று காட்டவே அதை எடுத்து, நானே வளர்த்தேன். எங்கள் மரபணு பக்டீரியாவுக்குள் தங்க வழக்கமாக ஒரு கிருமிக்கொல்லி மருந்து போடுவோம்; இந்த உதவியும் தங்க இரண்டாவது மருந்தொன்றும் போடவேண்டும். போடாவிட்டால் பக்டீரியா அதைப் பாரமென்று கழற்றிவிடும். நான் பழைய பழக்கத்தில் ஒரு மருந்தோடு நிறுத்திவிட்டேன். புரதம் வரவில்லை. "பாத்தீரோ, கோடன் இல்லை" என்றேன், பெரிய மனிசன் மாதிரி. போத்தலில் நான் ஒரு மருந்தின் பெயரை மட்டும் எழுதி ஒட்டியிருந்த லேபிளை அவள் வாசித்தாள்.

"அண்ணா, மற்ற மருந்தைப் போட மறந்திட்டியள்."

கேரம் டவுன்ஸ்

இரண்டு மருந்தும் போட்டு அவள் வளர்த்தாள். புரதங்களைப் பிரித்துப் பார்க்கிற ஜெல்லில் தடித்த கோடாகப் புரதம் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை கேரம் டவுன்ஸில் உள்ள சிவா விஷ்ணு கோயிலில், ஊரிலிருந்து வந்திருந்த அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ர பிள்ளைக்கு இங்க ஒரு அண்ணன்" என்றா. எனக்கு அந்த இடத்திலேயே கூசிப்போய்விட்டது.

திங்கட்கிழமை பேராசிரியரிடம், பிள்ளையின் கைவேலையில் குறையில்லை, பிழை என்னுடையது என்று சொன்னேன். பிறகு நிரோஷாவிடம் போய், அன்றைக்கு அவளைப் பற்றிச் சொன்னது நான்தான் என்றேன். அவள் வேலையிலிருந்து நிமிரவில்லை.

"தெரியும் அண்ணா. அண்டைக்கு அறைக்கதவு திறந்துதான் கிடந்தது."

இப்போதெல்லாம் புரதம் வராவிட்டால் முதலில் கோடனைப் பார்க்கிறேன், பிறகு என் கையெழுத்துள்ள போத்தலைப் பார்க்கிறேன், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கத்தான் இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கிறது.