எட்டு நட்டும் மூன்று வரிச் செய்தியும்

1. பழுதில்லாத வண்டி

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம் அந்த வேன் எங்கள் பட்டறைக்கு வந்தது. சங்கரன்கோவிலில் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமானது. கிராமங்களுக்குப் போய்ப் பிரசவக் கேஸ்களை ஏற்றி வருவது அதன் வேலை. பழுது எதுவும் இல்லை. ஓட்டி வந்த டிரைவர் ஞானதாஸ் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"இதை மழையில ஓடுத வண்டியா மாத்தித் தரணும் அண்ணாச்சி."

பட்டறை முதலாளி முத்தையா அண்ணாச்சி சிரித்தார். "மழையில ஓடுததுக்கு வண்டி எதுக்குவே? ஒரு எருமை வாங்கிக் கட்டும்."

ஞானதாஸ் சிரிக்கவில்லை. முந்தைய ஐப்பசியில், திருவேங்கடம் பக்கம் ஒரு கரிசல் பாதையில் வேன் அச்சு வரை புதைந்துவிட்டது. உள்ளே ஒரு பெண் பிரசவ வலியில் இருந்தாள். ஞானதாஸும் அவள் புருஷனும் அவளைக் கட்டிலில் கிடத்தித் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்தார்கள். தார் ரோட்டைத் தொட்டபோது அவளுக்கு உயிர் இல்லை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி நிர்வாகியை விடாமல் நச்சரித்து, இந்த வேலைக்கு அவர் அனுமதி வாங்கியிருந்தார்.

"அடுத்த ஐப்பசிக்குள்ள முடியணும். இன்னொருக்கா கட்டில் தூக்க என்னால ஆகாது" என்றார்.

நான் அங்கே ஃபிட்டர். அதோடு ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். ஊர்ச் செய்திகளை எழுதி, மாலை பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் கவர் கொடுத்தனுப்புவேன். மறுநாள் காலையில் அச்சில் வந்துவிடும். இரண்டு வேலைக்கும் ஒரே விதி வைத்திருந்தேன்: கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புவது.

2. முன் ஆக்சில்

அந்த வேனில் பின்சக்கரம் மட்டுமே இழுக்கும். முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக காயில் ஸ்பிரிங்கில் தொங்கும். தார் ரோட்டுக்கு அது சுகம். கரிசல் சேற்றில் முன்பக்கம் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிடும். நாங்கள் செய்ய வேண்டியது, அந்த ஏற்பாட்டை மொத்தமாக அறுத்தெடுத்துவிட்டு, இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே கட்டையாக இருக்கும் முன் ஆக்சிலை மாட்டுவது. அந்த ஆக்சிலுக்கும் எஞ்சின் சக்தி போக வேண்டும்.

மதுரையில் ராணுவம் கழித்துப்போட்ட டிஸ்போசல் சாமான் விற்கும் ஒருவரிடம் ஆக்சில் கிடைத்தது. அதைத் தாங்க, வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி, இரண்டு பட்டைக் கட்டுகளைப் புதிதாக அடித்தோம். அவற்றைத் தொங்கவிட சேசிஸில் ஹேங்கர் வெல்டிங் செய்தோம். ஸ்டியரிங் ராடு உயரம் ஒத்துவரவில்லை. மூன்று முறை மாற்றினோம். ஆக்சிலையும் பட்டைக் கட்டையும் சேர்த்துப் பிடிப்பது யு போல்ட். பக்கத்துக்கு இரண்டு, ஆக நான்கு யு போல்ட், எட்டு நட்டு.

ஞானதாஸ் தினமும் சாயங்காலம் வந்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார்.

"என்னவே, இன்னும் காலு முளைக்கலையா?"

"முளைச்சிட்டு. நடக்கத்தான் பழகணும்" என்பேன்.

எஞ்சின் சக்தியை முன் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட் வந்துசேரத் தாமதமாகி, ஐப்பசி பிறந்து பத்து நாள் கழித்துத்தான் வேலை முடிந்தது. வண்டியைக் கண்மாய்ச் சேற்றில் இறக்கினோம். ஞானதாஸ் முன் ஆக்சில் லீவரைப் போட்டதும், நான்கு சக்கரமும் மண்ணை அள்ளி எறிந்தன. மெதுவாக, நிற்காமல், வண்டி அக்கரை ஏறியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஏ மக்கா, ஏறிட்டுடே!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

3. இரண்டு வழக்கம்

புதிதாகப் பட்டை மாட்டிய எந்த வண்டியையும் எங்கள் பட்டறை அப்படியே வெளியே விடாது. இருபது மணல் மூட்டை ஏற்றி ஐம்பது மைல் ஓட்டுவோம். பாரத்தில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்காரும். யு போல்ட்டின் பிடி தளரும். திரும்பி வந்ததும் எட்டு நட்டையும் மறுபடி முறுக்குவோம். அரைச் சுற்று கட்டாயம் உள்ளே போகும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வெளியே போன வண்டி மூன்று நாளைக்குப் பட்டறை வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் அடிக்கடி பட்டறைக்கே வரும் என்பது அண்ணாச்சியின் நம்பிக்கை. மணல் ஓட்டம் முதலில், பூசை பிறகு என்பதால் இந்த இரண்டு வழக்கமும் ஒன்றோடொன்று மோதியதே இல்லை.

வேலை முடிந்த மறுநாள் திங்கட்கிழமை. ஆஸ்பத்திரியின் மிஷன் சர்ச்சில் அசனம். ஊரே உட்கார்ந்து சாப்பிடும் சபை விருந்து அது. அன்றைக்கே வேனைப் பிரதிஷ்டை செய்வதென்று முன்பே அறிவித்திருந்தார்கள். மணல் ஓட்டத்துக்கு நாள் இல்லை.

போதகர் பானெட்டில் கைவைத்து ஜெபித்தார். அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டு நின்றார். ஜெபம் முடிந்ததும் நான் அவர் காதருகே சொன்னேன்.

"நாளைக்குக் காலையில கொண்டாரச் சொல்லட்டா அண்ணாச்சி? யு போல்ட்டை ஒரு பிடி பிடிக்கணும்."

"ஏலே, பூசைன்னா என்ன, ஜெபம்னா என்ன? சாமிக்கு வச்ச வண்டி. மூணு நாள் கழியட்டும். வியாழக்கிழமை வரச் சொல்லு."

ஞானதாஸ் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றார். இரவு முழுக்க அடுப்பு பார்த்ததில் கண் சிவந்திருந்தது. வியாழக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன்.

"வாரேன் வே. மொதல்ல பந்தியில உக்காரும்."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அரை மணி நேர வேலை. அது எனக்குத் தோன்றாமல் இல்லை. முதலாளி சொன்ன பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

4. ஐம்பத்து மூன்று மைல்

செவ்வாய்க்கிழமை காலையில் மழை. திருவேங்கடத்துக்கு அப்பாலிருந்து ஆள் வந்தது. பேச்சியம்மாள், இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம். போன வருடம் புதைந்த அதே பாதை. வேன் அதைத் தாண்டிப் போய், அவளை ஏற்றிக்கொண்டு, அதே பாதையில் திரும்பித் தார் ரோட்டுக்கு வந்தது. கூட இருந்த நர்ஸ் பிறகு என்னிடம் சொன்னார்: "ரோட்டுல ஏறினதும் டிரைவரு திரும்பிப் பார்த்து, தாண்டிட்டோம் தாயின்னாரு."

ஊருக்கு நான்கு மைல் இருக்கையில் வேன் இடப்பக்கம் இழுத்து ஒரு சிறு பாலத்தின் சுவரில் மோதியது. பேச்சியம்மாளும் வயிற்றுக் குழந்தையும் அங்கேயே இறந்தார்கள். நர்ஸுக்குக் கையில் காயம். ஞானதாஸுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

பிற்பகல் நான் நிருபராகப் பாலத்துக்குப் போனேன். கூட்டத்தில் ஒருவர், "ரெண்டு நாளா அசன வேலை, பொட்டுத் தூக்கம் கிடையாது அந்த ஆளுக்கு" என்றார். மாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மூன்று வரி எழுதிக் கொடுத்தனுப்பினேன். கடைசி வரி: "ஓட்டுநர் கண்ணயர்ந்ததே விபத்துக்குக் காரணம் எனக் கூறப்படுகிறது."

புதன்கிழமை காலை அந்தச் செய்தி அச்சில் வந்தது. அதே காலையில் வேனை இழுத்துவந்து பட்டறை வாசலில் போட்டார்கள். நான் அடியில் படுத்தேன். இடப்பக்கம் பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட் துண்டாகி, ஆக்சில் பட்டையிலிருந்து நாலு விரற்கடை பின்னால் நகர்ந்திருந்தது. மோதலில் நகர்ந்தால் இரும்பில் ஒரே ஒரு கீறல் விழும். இங்கே பல மைல் உரசித் தேய்ந்த வெள்ளைப் பளபளப்பு. நட்டைத் தொட்டேன். விரலால் திரும்பியது. மீட்டரில், பட்டறையிலிருந்து கிளம்பியதிலிருந்து ஐம்பத்து மூன்று மைல்.

அண்ணாச்சியும் குனிந்து பார்த்தார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு, "வெளிய சொல்லாதலே. ஏழு குடும்பம் இதுல கஞ்சி குடிக்கு" என்றார்.

விபத்து வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். பிரேக் பிடித்தது. ஆக்சில் மோதியதில் நகர்ந்ததாக எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மாலை பஸ் வழக்கம்போலக் கிளம்பியது. அதில் என் கவர் இல்லை.

5. எலுமிச்சை மண்டி

ஞானதாஸ் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். லைசென்ஸ் போயிற்று, வேலையும் போயிற்று. புளியங்குடியில் ஓர் எலுமிச்சை மண்டியில் பழம் பிரிக்கும் வேலைக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து நான் அங்கே போனேன். ஒரு காலை நீட்டியபடி, பழக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"யாரு, ஃபிட்டரா? உக்காரும் வே. நல்ல பழமாப் பாத்து எடுத்துக்கிடும். உங்க பட்டறையில சக்கரத்துக்கு வைக்கணும்லா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மணல் மூட்டை, எட்டு நட்டு, வியாழக்கிழமை. அவர் கை பழம் பிரித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"அப்ப நான் கண்ணசரலையா?"

"இல்லை."

"ரெண்டு வருசமா ரோட்டை ஒவ்வொரு மரமா நினைச்சிப் பாக்கேன் வே. எங்கன அசந்தேன், எங்கன அசந்தேன்னு. எல்லா மரமும் ஞாபகத்துல இருக்கு. பாலத்துக்கு முன்ன நின்ன கொடிக்காப்புளி மரம் வரைக்கும் இருக்கு. பெறவு எப்படி அசந்தேன்னுதான் பிடிபடல. பேப்பர்லயே போட்டிருக்கே, அப்ப சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

"அதை எழுதினது நான்தான்."

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"மூணு நாளு வரக் கூடாதுன்னது உங்க வழக்கம். எங்களுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதே வே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பந்தி முடிஞ்ச கையோட கொண்டாந்திருப்பேனே."

அவர் மறுபடி பழத்தைக் கையில் எடுத்தார்.

"அன்னைக்கு எழுதினீருல்லா. இதையும் எழுதும்."

எழுதினேன். இரண்டு வருடப் பழசு செய்தியாகாது என்று திருநெல்வேலி ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகியிடம் நேரில் சொன்னேன், கேட்டுக்கொண்டார், வேறு டிரைவர் போட்டாயிற்று என்றார். அண்ணாச்சியிடமும் சொல்லிவிட்டுத்தான் பட்டறையை விட்டு விலகினேன். ஞானதாஸ் பிறகு எந்த வண்டியையும் ஓட்டவில்லை. இப்போது அவர் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இரண்டுதான் உண்டு. மறுபடி முறுக்காத நட்டோடு வண்டியை வெளியே விடாதீர்கள். யார் தடுத்தாலும், எந்த நாளானாலும். விட்டுவிட்டால், அதை ஓட்டுகிறவரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அச்சில் வராமல் போன அந்த மூன்று வரி இது:

திருவேங்கடம் சாலையில் மிஷன் ஆஸ்பத்திரி வேன் பாலச் சுவரில் மோதியதில் பேச்சியம்மாள் (22) என்ற கர்ப்பிணி இறந்தார். பட்டறையில் முன் ஆக்சிலின் நட்டுகளை மறுபடி முறுக்காமல் விட்டதே விபத்துக்குக் காரணம். ஓட்டுநர் ஞானதாஸ் விழித்திருந்தார்.