எஃகுத் தட்டில் தேங்காய் எண்ணெய்

கற்பகம் மேடம் போய்விட்டார் என்று நம் டிப்ளமோ குரூப்பில் செய்தி வந்ததும், பதிலுக்குச் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டேன். அந்தக் குரூப்பில் யாரும் எதையும் நம்புவதில்லை; அப்படி ஆக்கி வைத்தவன் நான். புரளியைப் பிடித்துவிடலாம் என்று அவர் நம்பருக்கே போன் போட்டேன். அவர் தம்பி எடுத்தார். பொம்மையை உடனே அழித்துவிட்டேன். அதற்குள் பார்த்தவர்கள் மன்னியுங்கள்.

சித்தூரில் அவரிடம் படித்தவர்கள் லேபில் இருந்த அந்த மெஷினை மறந்திருக்க முடியாது. சுழலும் எஃகுத் தட்டின் மேல் பேரிங் உலோகத்தில் செய்த சின்ன பின்னை அழுத்தி, எவ்வளவு உராய்கிறது, எவ்வளவு தேய்கிறது என்று பார்ப்போம். "தேய்வது பின், போவது மானம், மொத்தம் தேய்மானம்" என்று எழுதி அதில் ஒட்டினேன். மறுநாள் கீழே அவர் கையெழுத்து: "ஒட்டியவனே லேபைத் துடைக்கவும்." துடைத்தேன்.

கடைசி வருடம் நாங்கள் மூன்று பேர் வெள்ளீயக் கலவையில் பின் வார்த்தோம். கடையில் வாங்கிய வெண்கலத்தை அது ஜெயித்தால்தான் திருப்பதிப் போட்டிக்கு அனுப்புவேன் என்றார் எச்.ஓ.டி. முதல் ஓட்டத்திலேயே திரையில் உராய்வுக் கோடு சரசரவென்று இறங்கியது. நாங்கள் குதித்தோம், மேடமும் கை தட்டினார். தட்டியவர் சட்டென்று நிறுத்திவிட்டுக் குனிந்து தட்டை மோந்தார். காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு வந்து, தட்டை மாட்டியவரே அவர்தான்.

"ஜெயிச்சது உங்க உலோகம் இல்லடா, என் தலை எண்ணெய்" என்றார்.

திருப்பதியில் யாரும் மோந்து பார்க்கப் போவதில்லையே என்றேன்.

"நான் மோந்துட்டேனே."

அசிட்டோன் போட்டுத் துடைத்து, இரண்டு பின்னையும் தனித்தனித் தட்டில் மறுபடி ஓட்டினோம். வெண்கலம் ஏதோ பேருக்குத் தேய்ந்தது. எங்கள் பின் சோப்பு மாதிரி கரைந்தது. திருப்பதி போச்சு என்று மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டோம். மேடமோ தட்டுகள் இரண்டையும் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"எது தேஞ்சுதுன்னே பாத்துக்கினு இருக்கீங்களே. எது தேயலன்னு பாருங்கடா."

வெண்கலம் ஓடிய தடத்தில் நகம் சிக்கியது. எங்கள் தடத்தில் வழுக்கிக்கொண்டு போனது! நகரியில் அவர் வீட்டில் விசைத்தறி உண்டு. "ஷாஃப்டைத் தாங்குற புஷ் தேஞ்சா டீ ஆறதுக்குள்ள எங்க நைனா மாத்திடுவாரு. ஷாஃப்ட் தேஞ்சா தறியே நின்னுக்கினு இருக்கும்" என்றார். அதையே சொல்லி எச்.ஓ.டி. கையில் தட்டைக் கொடுத்தார். அவர் நகத்தை ஓட்டிப் பார்த்தார், கிளம்புங்கள் என்றார்.

திருப்பதியில் நடுவர் தெலுங்கில் கேட்டார், இவ்வளவு தேய்கிற உலோகத்தை ஏன் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று. நான் தட்டை நீட்டினேன். நகம் வைத்துப் பார்த்தவர் மற்ற நடுவர்களையும் கூப்பிட்டார். இரண்டாம் பரிசு! தலை எண்ணெய்க் கதையை மேடமே டிபன் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிச் சிரித்தார்.

இப்போது ஸ்ரீ சிட்டி ஃபேக்டரி ஒன்றில் எனக்கு இதே வேலை. மோந்து பார்க்காமல் தட்டை மாட்டுவதில்லை. கூட இருப்பவர்கள் என்னைப் போலீஸ் நாய் என்கிறார்கள். நானும் குரைத்துக் காட்டுகிறேன். இன்று காலையும் மோந்தேன். அசிட்டோன் வாசனை மட்டும்தான் வந்தது.