பருத்தி அம்பாரத்தின் ஓரத்தில் நின்றவள்

ஒரு படத்தைப் பற்றி நான் பொய் சொன்னேன். நல்ல படம் என்று தெரிந்தே, அதில் பெரிய குறை இருக்கிறது என்றேன். அதை எடுத்தவர் என்னை நம்பினார்.

இவ்வளவுதான் என் குற்றம். நீங்கள் சிரிக்கக்கூடும்... களவில்லை, அடிதடியில்லை, ஒரு புகைப்படத்தைப் பற்றி நாலு வார்த்தை! நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கோயமுத்தூரில் ஓர் உயர்தரப் பாடசாலையில் நான் டிராயிங் மாஸ்டர். கேமராப் பித்துப் பிடித்த ஐந்து பேராகச் சேர்ந்து நாங்கள் ஒரு கூட்டம் வைத்திருந்தோம். ராஜ வீதியில் ஒரு வக்கீல், மில்லில் வேலை பார்க்கும் ஒரு மேஸ்திரி, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர், நான், அன்னூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் சென்னியப்பன். எங்களில் யாருக்கும் அது தொழிலில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வக்கீல் வீட்டு மாடியில் கூடுவோம். ஆளுக்கொரு படத்தைச் சுவரோரம் சாய்த்து வைப்போம். மற்றவர்கள் அபிப்பிராயம் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு விதி உண்டு. முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். அப்புறம் குறை. குறை சொல்கிறவர் அதைத் திருத்தும் வழியையும் சொல்லியாக வேண்டும். மனம் நோகப் பேசினால் அடுத்த கூட்டத்தில் காப்பியும் பலகாரமும் அவர் செலவு.

அந்த விதியை எழுதியவனே நான்தான்! நான் சொன்ன பொய்யும் அந்த விதிக்கு அடங்கியே இருந்தது. முதலில் நல்லதைச் சொன்னேன். பிறகு குறை. பிறகு திருத்தும் வழி. ஒரு சொல்கூடக் கடுமையாக இல்லை... அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

சென்னியப்பனுக்கு அன்னூரில் ஏழு ஏக்கர். பருத்தியும் சோளமும் போடுவார். மேட்டுப்பாளையத்தில் இருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பெட்டிக் கேமராவை வாங்கி வைத்திருந்தார். எங்களில் அவருக்குத்தான் சாமான் மட்டம், படிப்பும் குறைவு. வெளிச்சத்தைக் கணக்குப் பார்க்கத் தெரியாது. வானத்தை ஒருதரம் அண்ணாந்து பார்ப்பார், அமுக்குவார், அவ்வளவுதான்.

ஒரு பங்குனி மாதம், கூட்டத்துக்கு முந்தின நாள், என் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஒரு படத்தை எடுத்தார்.

“மாஸ்டருங்க, நாளைக்கு நாலு பேருக்கு முன்னாடி வெக்கறதுக்கு முந்தி நீங்க ஒருக்காப் பாத்துப்போடோணும். சரியில்லீன்னா இப்பவே சொல்லிப்போடுங்க.”

சற்றுத் தயங்கினார். “பட்டணத்துக்கு அனுப்பறதுக்கு இது தாங்குமுங்களா?”

அந்த வருஷம் சென்னப்பட்டணத்தில் ஒரு படக் கண்காட்சி நடப்பதாயிருந்தது. எங்கள் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு படம் அனுப்பலாம். மறுநாள்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். நானும் ஒரு படம் தயாராக வைத்திருந்தேன். பேரூரில் நொய்யல் படித்துறை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஏழு தடவை போய், நிழல் சரியாக விழும் வேளைக்குக் காத்திருந்து எடுத்தது. அதில் பிழை என்று ஒன்றும் இருக்காது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அவருடைய படத்தைக் கையில் வாங்கினேன்.

களத்தில் பருத்தி அம்பாரம். காலை வெயில் ஒரு பக்கமாக விழுந்து, மலைபோல் குவிந்த வெண்மை. அதன் இடதோரத்தில் ஒரு பெண். அவளுடைய தோளில் பாதி படத்துக்கு வெளியே போய்விட்டது. கை நிறையப் பருத்தியை வாயருகே வைத்துச் சிரிப்பை மறைக்கப் பார்க்கிறாள், மறையவில்லை. அவள் பார்ப்பது நம்மையன்று, பருத்தியையுமன்று... படத்துக்கு வெளியே, நமக்குத் தெரியாத எதையோ!

என்ன சொல்வேன்! அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது போலிருந்தது. ஏழு தடவை முக்காலி தூக்கிய என் படித்துறையில் தண்ணீர் இருந்தது, கல் இருந்தது, நிழல் இருந்தது. இது இல்லை. இனி எத்தனை தடவை போனாலும் வராது என்பதும் அந்த நிமிஷத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

மோர் கொண்டு வந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். “அட! இந்தப் பிள்ளை என்னத்தைப் பாத்து இப்படிச் சிரிக்குது?” என்று தானும் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். படம் என்றால் என்னவென்று அறியாதவள் அவள். அவளுக்கே தெரிந்தது!

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“பருத்தி மேல வெளிச்சம் விழுந்திருக்கறது ரொம்ப நல்லாருக்குதுங்க. நெழலும் கெட்டியா வந்திருக்குது.”

அவர் முகம் மலர்ந்தது.

“ஆனா, இந்த உருவம்...”

“நம்ம ஊட்டுக்காரிங்க,” என்றார் கூச்சத்தோடு. “அன்னிக்கு என்ன ஆச்சுன்னாங்க, களத்துல...”

“அது இருக்கட்டுங்க,” என்று நான் குறுக்கிட்டேன். “ஓரத்துல நிக்கற உருவம் வெளியில பாத்துதுன்னா, பாக்கறவங்க கண்ணும் அதுகூடவே வெளியில போயிருமுங்க. தோளு வேற பாதி அறுந்துபோச்சு. இதை எடுத்துப்போட்டா படம் சுத்தமாயிரும்.”

நான் சொன்னது பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். வகுப்பில் நூறு தடவை சொல்லிக் கொடுத்தது. உண்மையைக் கொண்டே பொய் சொல்ல முடியும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

சென்னியப்பன் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று என்னுள் ஏதோ ஒன்று ஏங்கியது... சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். அல்லது அதுவும் இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானமோ?

“நீங்க சொன்னாச் சரிதானுங்க,” என்றார்.

அளவுகோலை வைத்து, பிளேடால் நானே வெட்டினேன். இரண்டு விரல் அகலத் துண்டு மேஜைமேல் விழுந்தது. அவர் அதை எடுத்துத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “ஊட்டுல கேப்பாளுங்க, என்னைய எங்க வெட்டிப்போட்டீங்கன்னு!” என்று சிரித்தார்.

அவர் போன பிறகு என் மனைவி காலி டம்ளர்களை எடுக்க வந்தாள்.

“ஏனுங்க, அந்தப் பிள்ளையை எதுக்குங்க வெட்டினீங்க? அது நின்னதாலதான அது படமா இருந்துச்சு?”

“உனக்கு இதெல்லாம் தெரியாது,” என்றேன்.

அவள் டம்ளர்களோடு உள்ளே போனாள். அன்றிலிருந்து எந்தப் படத்தைக் காட்டினாலும், “நல்லாருக்குதுங்க” என்பதற்கு மேல் சொல்வதில்லை.

மறுநாள் வக்கீல் வீட்டு மாடியில் வெட்டிய படம் சுவரோரம் நின்றது. பருத்திக் குவியல்... வெறும் குவியல். வக்கீல் மட்டும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, “வெளிச்சமெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா ஏதோ ஒண்ணு காலியா இருக்கறாப்பல தோணுது,” என்றார். சென்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

என்னுடைய படித்துறை பட்டணத்துக்குப் போயிற்று. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பரிசு இல்லை. அதைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை.

சென்னியப்பன் என் வார்த்தையை விடவில்லை. நல்ல மாணாக்கர்! அதற்குப் பிறகு அவர் கொண்டு வந்த படங்களில் ஆளே கிடையாது. ஓட்டுபவன் இல்லாத வண்டி. யாரும் இறைக்காத கிணறு. அறுவடை முடிந்த வெற்றுக் காடு. எல்லாம் சுத்தமாக இருந்தன. ஒவ்வொன்றையும் நான் பாராட்டினேன். “எல்லாம் மாஸ்டர் சொல்லிக் குடுத்ததுங்க,” என்பார் எல்லோரிடமும்.

மறு வருஷம் தை மாதம் எங்களையெல்லாம் அன்னூருக்கு விருந்துக்கு அழைத்தார். அன்றுதான் அவர் மனைவியை நேரில் பார்த்தேன். படத்தில் பார்த்த அதே பெண். இலை போட்டு வயிறு நிறையப் பரிமாறினாள். சாப்பாடு முடிந்து வாசலில் எல்லோரும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் முக்காலியை நிறுத்தினேன்.

“அம்மிணி, நீயும் வந்து நில்லு,” என்று வக்கீல் கூப்பிட்டார்.

அவள் கதவோரம் ஒதுங்கிக்கொண்டாள். “வேண்டாமுங்க. நான் நின்னாப் படம் கெட்டுப்போயிருமுங்க. மாஸ்டரே சொல்லியிருக்கறாருங்களே.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் குரலில் குத்தல் இல்லை, மனத்தாங்கல் இல்லை. மழை வந்தால் தரை நனையும் என்பது போல அதையும் ஓர் உண்மையாக ஏற்றுக்கொண்டுவிட்டிருந்தாள்.

‘இல்லை, வந்து நில்லுங்கள்’ என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். குனிந்து முக்காலியின் திருகாணியை முடுக்கினேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. கம்பவுண்டர் மருந்தோடு இரண்டு தடவை போய் வந்தார். பத்தாம் நாள் போய்விட்டாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு சென்னியப்பன் என் வீட்டுக்கு வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஊட்டுல மாட்டறதுக்கு அவ படம் ஒண்ணு வேணுமுங்க மாஸ்டர். பெட்டி பூராத் தேடிப்போட்டேன். இத்தனை வருசமாப் படம் எடுத்திருக்கறேன்... ஒண்ணுலயும் அவ இல்லீங்க.”

சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தார். ஓரம் நைந்து, நடுவில் மடிப்பு விழுந்திருந்தது.

“இது ஒண்ணுதான் இருக்குதுங்க. பிலிமெல்லாம் மழை ஒழுக்குல ஒட்டிப்போச்சு. இதை வெச்சுப் பெருசாப் போட முடியுமுங்களா?”

வாங்கிக்கொண்டேன்.

ஸ்டூடியோவுக்கு நானே கொண்டுபோனேன். ஸ்டூடியோக்காரர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதென்னுங்க, இவ்வளவுதானா? தோளு பத்தாது. வேணும்னா நாம வரைஞ்சு சேத்திக்கலாம். கண்ணையும் நேராத் திருப்பிப்போடலாமுங்க,” என்றார்.

“ஒண்ணும் தொட வேண்டாமுங்க. இருக்கறது இருக்கறபடியே போடுங்க,” என்றேன். அந்தப் படத்தைப் பற்றி நான் சொன்ன முதல் நியாயமான வார்த்தை அது. யாருக்கு என்ன பிரயோஜனம்?

சட்டம் போட்டு வந்த படத்தைச் சென்னியப்பன் என் வீட்டு மேஜைமேல் நிறுத்தி வைத்துப் பார்த்தார். மங்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே என் மனைவி அரிசி களையும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவர் கேட்டார்.

“மாஸ்டருங்க... நாம எப்பவும் கூட்டத்துல பேசற மாதிரியே சொல்லுங்க. இதுல நான் எங்க தப்புப் பண்ணிப்போட்டேன்? இன்னொருக்கா எடுக்கறதுன்னா எப்படி எடுத்திருக்கோணும்?”

தப்பே இல்லை! எங்கள் மற்ற நாலு பேரில் ஒருவரும் எடுக்க முடியாத படம் அது! வார்த்தைகள் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டன.

ஏன் விழுங்கினேன்? ஒரு பொய்க்காகவா இவளை ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒதுக்கினோம் என்று அவர் நொந்துபோவாரே, அந்த வேதனை வேண்டாமே என்றா? அப்படித்தான் அன்று எண்ணிக்கொண்டேன்... இல்லை. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? வக்கீல் வீட்டு மாடியில் எனக்கிருந்த மதிப்பை நினைத்தேன். அவள் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு அதைத்தான் நினைத்தேன்!

“இன்னுங் கொஞ்சம் நடுவுல நிறுத்தியிருக்கலாமுங்க,” என்றேன்.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். “ஆமாங்க. நான் ரெண்டடி தள்ளி நின்னிருந்தா முழுசா வந்திருப்பா. அன்னிக்கு அது தோணாமப் போச்சு பாருங்க.”

படத்தை வேட்டித் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “வாரேனுங்க மாஸ்டர்,” என்று படியிறங்கினார். பஸ் நிற்குமிடம் வரை நான் துணைக்குப் போகவில்லை.

இப்போதும் கூட்டத்துக்கு வருகிறார். இப்போதும் என் அபிப்பிராயம் கேட்கிறார். ஒவ்வொரு மாதமும் இன்று சொல்லிவிடுவது என்று புறப்படுகிறேன், சொல்லாமல் திரும்புகிறேன்.

யாரென்றே தெரியாத உங்களிடம் சொல்ல முடிகிறது. அதிலும் என் கோழைத்தனத்தைப் பாருங்கள். தப்பித் தவறி அவர் இதைப் படித்துவிட்டால் தெரியக்கூடாதென்று சென்னியப்பன் என்று வேறு பெயர் கொடுத்திருக்கிறேன். என் பெயரையும் போடவில்லை.

அவர் மனைவியின் பெயரை மாற்ற வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. படத்தின் அடியில் என்ன பெயர் எழுதுவது என்று ஸ்டூடியோக்காரர் கேட்டபோதுதான், அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஒன்றும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.