தாய் வீடு போனதாக எழுதப்பட்டவள்

அறுபதுகளின் நடுவில் உறையூர்ப் பக்கம் ஒரு பிரசவ விடுதியில் நான் மருத்துவச்சியாக இருந்தேன். கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த அகதிகளுக்கு எடமலைப்பட்டி புதூர் பக்கம் தகரக் கொட்டகை போட்டபோது அதையும் என் தலையில் கட்டினார்கள். கொட்டகை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சித்திரை வெயிலில் அதற்குள் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரியும்.

அங்கே ஒரு பெண், பத்தொன்பது வயது, தலைச்சன் கர்ப்பம். புருஷன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். ஆறாம் மாதம் அவள் கணுக்காலை விரலால் அமுக்கினேன். விழுந்த குழி அப்படியே நின்றது. இப்படி நீர் கோத்தால் பின்னால் வலிப்பில் கொண்டுபோய் விடலாம்; எனக்குப் பிடிக்கவில்லை.

“உப்பைக் குறைச்சுக்க. அடுத்த மாசம் வந்து பார்க்கிறேன்” என்றேன்.

“கட்டாயம் வருவீங்கல்ல நர்ஸம்மா? எங்கம்மாவுக்குக் கப்பல்ல இடம் கிடைக்கல, ரங்கூன்லயே நின்னுட்டாங்க. எனக்கு எடுத்துச் சொல்ல இங்க யாருமில்ல.”

வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் பதிவேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தலைச்சன்காரி தாய் வீடு போய்விடுவாள். அதனால் பெயரை அடித்து, பக்கத்தில் ‘தாய் வீடு’ என்று எழுதிவிடுவோம். அதன்பின் அவளை அந்த ஊர் மருத்துவச்சி பார்த்துக்கொள்வாள். எங்கள் மேலதிகாரி ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அம்மாள். மாதக் கடைசியில் நான் பெயர்களை வாசிக்க, அவர் தலையை நிமிர்த்தாமலே தீர்ப்புச் சொல்வார். அவளுக்கு ஏழு பிறந்த மாதம் அவள் பெயரையும் வாசித்தேன்.

“தலைச்சனா? பொறந்தாத்துக்குப் போயிருப்பா. அடிச்சுடு.”

“இவ பர்மாவுலேர்ந்து வந்தவம்மா” என்றேன்.

“பர்மாவானா என்ன? தாயார் இல்லாமலா பொறந்தா?”

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடித்தேன். இதை எழுதும்போதுகூட என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

பட்டியலில் அங்கே இருந்தது அவள் பெயர் ஒன்றுதான்; அதுவும் போனதால் அந்தக் கொட்டகைப் பக்கம் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. இரண்டு மாதம் தில்லை நகரில் புதிதாக எழும்பிய வீடுகளுக்குப் போனேன். நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்கள். குடித்தேன்.

ஒன்பதாம் மாதம் ஒரு நாள் காலையில் அவள் புருஷன் விடுதி வாசலில் வந்து நின்றான். “வலிப்பு வந்து கிடக்குறா நர்ஸம்மா” என்றான். ஜட்கா பிடித்து ஓடினேன். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் அவளைக் காப்பாற்றினார்கள். குழந்தை இறந்து பிறந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

விடுதிக்குத் திரும்பி மேலதிகாரியிடம் கத்தினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நம்ம ரிஜிஸ்டர்லதான் அவ இல்லையே. நமக்கு ஏன் வம்பு?” என்றார். உண்மைதான். அடித்த பெயருக்கு எதிரே என்ன குழந்தை, உயிரா பிணமா என்று யாரும் எழுத வேண்டியதில்லை. அந்த வருஷம் எங்கள் விடுதியில் பிரசவம் எல்லாம் நல்லபடியாக நடந்ததாக மேலே அறிக்கை போயிற்று. அந்த அம்மாளை இன்றைக்கும் வாய் வலிக்கத் திட்டுவேன். ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு தெளிந்தது. போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“தினம் வாசல்லயே உக்காந்திருந்தேன் நர்ஸம்மா. ஏன் வரல?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. நீ தாய் வீடு போய்விட்டதாக எழுதிவிட்டோம் என்றேன்.

அவள் அழவில்லை.

“எழுதினவங்களுக்கு வழியும் தெரிஞ்சிருக்கும்ல? சொல்லுங்க, போறேன்.”

நான் குனிந்து அவள் காலைத் தொட்டேன். வீக்கம் வடிந்திருந்தது.