அம்மாவுக்கு நைனா சொன்ன நன்றி

எங்கள் நைனா, அதாவது அப்பா, பாலசமுத்திரம் பக்கத்தில் ஒரு மாந்தோப்புக்காரர் வீட்டில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். பத்தாவதோடு படிப்பை விட்டுத் தோப்பில் இறங்கி, மழையில்லாத வருடங்களிலும் என்னை எம்.காம். வரை படிக்கவைத்தார். பொய் சொன்னதில்லை, யாரையும் சட்டென்று நம்பியதுமில்லை. மண்டியில் காய் எடை போடுமுன் தராசில் தானே ஏறி நின்று சரிபார்ப்பார். அந்தக் குணம் எனக்கும் வந்திருக்கிறது. அதனால் வெறும் புகழ்மாலை எழுத எனக்குக் கை வரவில்லை.

அறுபத்தெட்டு வயதில் நைனாவுக்கு நெஞ்சுவலி வந்து, தேறிவிட்டார். ஆனால் தூக்கம் போய்விட்டது. திருப்பதியில் பார்த்த டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் ஒருவருக்காவது மனதார நன்றி சொல்லுங்கள், மனசு லேசாகும் என்றார். நன்றி சொன்னால் தூக்கம் வருமாம்! எனக்கு அப்போதே சந்தேகம்.

எங்கள் பக்கம் சொந்தத்துக்குள் யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால், என்னை அந்நியமாக நினைத்துவிட்டாயா என்று சண்டைக்கு வருவார்கள். இல்லையென்றால், சொன்னவர் எங்கேயோ புறப்பட்டுவிட்டார் என்று பயப்படுவார்கள்.

நைனா பால்காரரிடம் ஆரம்பித்தார். பிறகு லைன்மேன், பஸ் கண்டக்டர். ஒருநாள் தம்பியை, அதாவது எங்கள் சின்ன நைனாவைத் தேடிப்போய், நான் சிறுமியாக இருந்தபோது என்னைப் பாம்பு கடித்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதற்கு நன்றி சொன்னார். சின்ன நைனா உடனே எனக்குப் போன் செய்தார்.

"அம்மாடி, உங்க நைனா இன்னாவோ மனசுல வெச்சிகினு கீறாரு. தோப்ப விக்கப் போறாரா? நெஜத்தச் சொல்லு."

"தெரியல சின்ன நைனா. நானும் அதத்தான் பாத்துகினு கீறேன்."

நைனாவுக்குத் தூக்கம் வந்தது. மாத்திரையால்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஊருக்கெல்லாம் சொன்னவர், நாற்பது வருடம் சோறு போட்ட அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. "எனக்கு இன்னாத்துக்கு?" என்பார் அம்மா. ஆனால் காது அங்கேயே இருக்கும். பொறுக்க முடியாமல் நைனாவிடம் கேட்டேன். "அவளாண்ட சொன்னா பயந்துடுவா பாப்பா" என்றார்.

தை மாதம் ஒரு காலை, களி சாப்பிட்டுக் கை கழுவியவர், "இத்தினி வருசம் என்னப் பாத்துகினதுக்கு ரொம்ப நன்றி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். ஸ்ரீசிட்டியில் வேலையிலிருந்த எனக்குப் போன் வந்தது.

"ஓடியாடி! உங்க நைனா எனக்கு நன்றி சொல்றாரு!"

"டாக்டரம்மா சொன்னதத்தான் செஞ்சேன்" என்று நைனா கத்தக் கத்த, சின்ன நைனாவின் காரில் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். எல்லா டெஸ்ட்டும் சரியாகவே இருந்தது.

அதற்குப் பிறகு நைனா விடவில்லை. தினமும் சொன்னார். அம்மா தினமும் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "வாய மூடிகினு துன்னு" என்று திட்டினார்.

சித்திரையில் ஒருநாள் நைனா நன்றி சொல்லவில்லை. மத்தியானக் குழம்பில் உப்பு பத்தவில்லை என்று முனகிவிட்டுப் படுக்கப் போனார். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னிக்குத்தாண்டி மனுசன் பழையபடி ஆனாரு. இனிமே பயமில்ல" என்று எனக்குப் போன் செய்தார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அன்று பகல் தூக்கத்திலேயே நைனா போய்விட்டார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான் அன்று ஒருநாள் சந்தேகப்படவில்லை.

நைனாவைத் தோளில் சுமந்த பங்காளிகளுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை, சின்ன நைனாவுக்கும் எங்கள் நன்றி. அம்மாவின் பெயரையும் இந்த வரிசையில் எழுதியிருந்தேன். இந்த நினைவஞ்சலியை அச்சுக்குக் கொடுக்குமுன் படித்துக் காட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பேர எடுத்துடுடி. நீயும் சொல்லாத."

எடுத்துவிட்டேன்.