சளி டப்பாக்காரி

அந்தச் சுற்றுவட்டாரத் தெருக்கள் அவளுக்கு வைத்த பெயர் சளி டப்பாக்காரி. தோளில் ஒரு பை, அது நிறைய மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள், கையில் சுகாதார நிலையம் கொடுத்த செல்போன். ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால், அந்த வீட்டில் யார் யார் கூடப் படுக்கிறார்கள், யார் இருமுகிறார்கள் என்று கேட்டுச் செயலியில் ஏற்றவேண்டும், இருமுகிறவர்களின் சளியை வாங்கிப் போகவேண்டும். எட்டு வருஷமாக இதே பிழைப்பு. முகத்திலடித்தாற்போல் கதவைச் சாத்துவார்கள், நாயை அவிழ்த்து விடுவார்கள், ஒருத்தி வாளித் தண்ணீரையே தலையில் கவிழ்த்தாள். "ஊத்து தாயி, குளிச்சு ரெண்டு நாளாச்சு" என்று சொல்லிவிட்டு அதே வாசலில் நின்றவள் இவள்.

அந்தச் செயலி இருக்கிறதே, அது ஒரு சனியன். செல்போன் எண் போடாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு நகராது. செல்போனே இல்லாத வீட்டுக்கு எந்த எண்ணைப் போடுவது? களப்பணியாளர்கள் எல்லாரும் தங்கள் எண்ணையே போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இவள் எண்ணில் மட்டும் முப்பது குடும்பங்கள். மேலே எவனோ ஒரு மகராசன் அதைக் கண்டுபிடித்து, ஒரே எண்ணை இரண்டாம் தரம் போட முடியாதபடி பூட்டிவிட்டான்.

பூட்டிய மறுநாள்தான் பழைய இரும்புக் கடையில் தகடு வெட்டுகிறவனின் வீட்டுக்குப் போனாள். அவன் வேலைக்குப் போயிருந்தான். அவனுக்கு நோய் என்று முந்தின வாரம் தெரிந்திருந்தது. மனைவியும் மூன்று வயது மகளும் இருந்தார்கள். பிள்ளை தரையில் சுருண்டு கிடந்தது.

"பாப்பா எத்தனை நாளா இருமுது?"

"ஒரு மாசம் இருக்கும்க்கா. சோறும் இறங்க மாட்டேங்குது."

போன வருஷம் இப்படித்தான் ஒரு பிள்ளை. விஷயம் வெளியே தெரிந்த அவமானத்தில் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறியது. செயலியில் 'முகவரி மாறியது' என்று மூடிவிட்டார்கள். இவள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நோய் மூளைக்கு ஏறி, பிள்ளை செத்துப்போயிருந்தது.

"காலையில நானே வந்து பாப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். எங்கயும் போயிடாத. உங்க வீட்டு நம்பர் ஒண்ணு சொல்லு."

"போன் ஏதுக்கா? அவசரம்னா ஹவுஸ் ஓனர் நம்பருக்குத்தான் பண்ணச் சொல்லுவோம்."

அதையே போட்டாள். பக்கம் நகர்ந்தது. நகர்ந்த சந்தோஷத்தில், செயலி தானாகவே அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பும் என்பது புத்தியில் ஏறவே இல்லை. சாயங்காலமே போய்விட்டது: தகடு வெட்டுகிறவனின் பெயர், நோயின் பெயர், எல்லாரும் உடனே பரிசோதனைக்கு வரவேண்டும் என்ற உத்தரவு.

காலையில் அவள் போனபோது பாத்திரங்கள் தெருவில் உருண்டன. ஹவுஸ் ஓனரின் மகன்கள் இரண்டு பேரும் தகடு வெட்டுகிறவனைக் கீழே தள்ளி மிதித்துக்கொண்டிருந்தார்கள். "எங்க வீட்டுல வந்து எச்சில் துப்பி எங்களையும் சாகடிக்கப் பாத்தியாடா?" உதைக்கு ஒரு கேள்வி. அவர்கள் ஓய்ந்ததும் அவன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். டப்பாப் பையைப் பார்த்தான்.

"நீதானடி போட்டுக் கொடுத்த?"

அவள் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். செல்போனைப் பிடுங்கி, இரும்புக் குழாயால் நாலு போடு போட்டான். ஐந்தாவது அவள் விலாவில் விழுந்தது. மூச்சே நின்றுபோயிற்று.

"தப்பு என்னுதுதான்" என்றாள், தரையில் கிடந்தபடியே. "என்னை அடி. பாப்பாவை மட்டும் ஒரு மணி நேரம் குடுத்துட்டுப் போ."

அவன் காறித் துப்பினான். வெளியே மூன்று சக்கர வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. "சந்தைத் தெருவுல கொழுந்தன் ரூமுக்குப் போறோம்க்கா. அங்க யாருக்கும் விஷயம் தெரியாது" என்று மனைவி அழுதாள். பிள்ளையை மூட்டைமேல் உட்கார வைத்தாள்.

அந்த வண்டி கிளம்பினால் இந்தப் பிள்ளையும் போச்சு. சளி டப்பாக்காரி எழுந்தாள், பிள்ளையை வாரித் தூக்கினாள், ஓடினாள். யோசிக்கவே இல்லை. பத்தடிக்கு ஒருமுறை விலா உயிரை எடுத்தது. சுகாதார நிலையத்துக்குக் குறுக்கு வழி சந்தைத் தெரு வழியாகத்தான். ரத்தம் வழியும் முகம், கையில் அலறும் பிள்ளை, பின்னால் "என் பிள்ளை, என் பிள்ளை" என்று ஒரு தாய். வேறென்ன வேண்டும் சந்தைத் தெருவுக்கு?

"பிள்ளை பிடிக்கிறவடா! விடாத!"

முதலில் ஒரு செங்கல் முதுகில் விழுந்தது. பிறகு கைகள், செருப்புகள், தராசுத் தட்டு. விழுந்தவள் பிள்ளையை அடியில் போட்டுக் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். எவனோ அவள் விரல்களை மிதித்து நசுக்கினான். எவளோ அவள் தலையில் போட காஸ் சிலிண்டரைத் தூக்கி வரச் சொன்னாள். கூட்டத்தின் கால்களுக்கு நடுவே சளி டப்பாக்காரி அவனைப் பார்த்தாள். தகடு வெட்டுகிறவன் இரும்புக் குழாயோடு மூச்சு வாங்க நின்றிருந்தான். அவனிடம் கெஞ்ச அவளுக்கு வாயில்லை. அவன் ஒரு வார்த்தையும் சொல்லவேண்டாம். சும்மா நின்றாலே போதும், இவள் கதை முடியும், அவன் ரகசியம் தங்கும்.

"அடிங்க அவளை, நிறுத்தாதீங்க" என்று யாரோ அவனுக்கும் வழிவிட்டார்கள்.

அவன் குழாயை ஓங்கினான். அவளை அடித்துக்கொண்டிருந்தவனின் முழங்காலில் போட்டான்.

"விடுங்கடா! அவ பிள்ளை பிடிக்கிறவ இல்ல. எனக்கு டிபி. கேட்டுச்சா? டிபி! என் பிள்ளைக்கும் இருக்குமோன்னுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறா."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் அவனை மடக்கியது. கூட்டம் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது. ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. தெருவின் கடைசியில் அவன் தம்பி தன் ரூம் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்ட சத்தம் இவளுக்கே கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

அவளைத் தூக்கிவிட யாரும் வரவில்லை. அவனே வந்து தூக்கினான். ஒரு கையில் பிள்ளை, மறு தோளில் அவள் பாரம். பின்னால் மனைவி அழுதுகொண்டே வந்தாள்.

"உம்மேல எனக்குக் கோவம் போகல" என்றான். "சாகிற வரைக்கும் போகாது."

"இருக்கட்டும். மாத்திரையை மட்டும் விடாத."

சுகாதார நிலையத்துப் படியில் அவன் பிள்ளையை நர்ஸின் கையில் கொடுத்துவிட்டு, இன்றைக்கு ராத்திரி இந்தப் பிள்ளையை எங்கே படுக்க வைப்பது என்று அவளிடம்தான் கேட்டான்.