பாட்டுச் சத்தத்துக்குள் ஒரு வாக்குமூலம்

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போனவள் நல்லூரையும் கோட்டையையும் பற்றி எழுதுவாள் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். நான் பார்த்தது ஒரு தனியார் பஸ்ஸை. காலை பதினொரு மணிக்கு யாழ். நகரில் ஏறினேன். வல்லை வழியாக வடமராட்சி போகிற பஸ். முப்பது கிலோமீட்டருக்குள்தான் தூரம், டிக்கெட் நூற்று ஐம்பது ரூபாய்.

என்னை அழைத்துப் போனவர் தவமலர் அக்கா. போர்க்காலத்தில் இராணுவ முகாம்களில் அடைத்து வைக்கப்பட்டு, பாலியல் அடிமைகளாக நடத்தப்பட்ட பெண்களின் வாக்குமூலங்களைத் திரட்டி வழக்காடப் போராடுகிறவர்களில் ஒருவர். இவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. ஆனால் அங்கே யார் வருகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே எதிர்க்கடையில் ஓர் ஆள் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறான். வீடு தேடிப் போனாலோ ஒழுங்கை, அதாவது அந்தச் சந்து, முழுக்க விசாரிக்கும். அதனால்தான் பஸ். காதைப் பிளக்கிற சினிமாப் பாட்டில் பக்கத்து இருக்கைப் பேச்சு யாருக்கும் கேட்காது.

"நீங்கள் கரையிலை இருங்கோ தங்கச்சி. அப்பதான் வேற ஆரும் வந்து இருக்கமாட்டினம்," என்றார். மூன்று பேர் இருக்கையில் மூன்றாவது இடத்தை அடைத்துக்கொள்வது என் வேலை. கடல் கடந்து வந்து நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

ஜன்னலோரம் இருந்தவர்தான் வாக்குமூலம் தர வந்தவர்; பெயரை எழுத மாட்டேன். ஊர், வல்லைக்கு அப்பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதை நெருங்கும் வயது. ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அந்தப் பெண்ணுக்கு அம்மாவின் கதை தெரியாது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும். கல்யாணம் முடிந்ததும் நீதிமன்றத்தில் சொல்கிறேன், அதுவரை யாரும் மூச்சு விடக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

முன் இருக்கையிலிருந்து ஒரு பெண் திரும்பினாள். "என்ன, கிளினிக்கோ?"

"ஓம், பிறஷருக்கு."

அவள் அந்தப்பக்கம் திரும்பியதும் இவர் தவமலர் அக்காவின் காதில் சொன்னார்: "எங்கடை ஒழுங்கைதான். மாப்பிள்ளை பகுதிக்கும் சொந்தம். பாட்டைப் போடட்டும், பிறகு கதைப்பம்."

பாட்டு வந்தது. கோப்பாய் தாண்டி, நீர்வேலியின் வாழைத் தோட்டங்கள் தாண்டி அவர் பேசிக்கொண்டே வந்தார். எனக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது. இடம்பெயர்ந்த சனம் ஊர் திரும்பிய காலம். பத்தொன்பது வயதுப் பெண், சைக்கிள், ஒரு சோதனைச்சாவடி. கேட்ட மற்றதை நான் எழுதப்போவதில்லை. அந்தச் சாவடியில் நின்றவர்களில் சிலர் இன்று பேரப்பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

வல்லை வெளியில் மரமும் இல்லை, வீடும் இல்லை. காற்று ஜன்னல்களை உதறியது. பாட்டும் காற்றும் சேர்ந்துகொள்ள, அவர் குரலை உயர்த்தினார். தவமலர் அக்கா காதை இன்னும் நெருக்கிக் கொடுத்தார். வெளி முடிந்து ஊர் தொடங்கியும் அந்தக் குரல் இறங்கவில்லை.

எதிரே பறைச் சத்தம். ஒரு பிரேத ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி, மரியாதைக்குப் பாட்டை நிறுத்தினார்.

"நாலு மாசம் அந்த முகாமிலை என்னை வச்சிருந்தவங்கள் அக்கா, ஆள் மாறி ஆள்."

பஸ் முழுக்கக் கேட்டது. ஒழுங்கைக்காரி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். இவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணை, பாட்டைப் போடுங்கோவன்," என்று கெஞ்சினார் கண்டக்டர். இரக்கத்தில்தான் சொன்னார்.

"பிரேதம் போகட்டும்," என்றார் டிரைவர்.

போய் முடியும்வரை அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் இருந்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ஊர்வலத்தைப் பார்த்ததில்லை. எங்கள் ஊரிலும் ஊர்வலம் வந்தால் பஸ்ஸை ஓரங்கட்டுவார்கள். செத்தவருக்குக் காட்டுகிற அந்த மரியாதையில் உயிரோடு இருக்கிற ஒருத்தி இப்படி அகப்பட்டுக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவருடைய தரிப்பிடத்தில் ஒழுங்கைக்காரி முதலில் இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். வாக்குமூலம் தந்தவரோடு கூடவே இறங்குவது வழக்கமில்லை. அன்று நாங்களும் இறங்கினோம். தவமலர் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாலைதானே பிள்ளை. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கோ."

அந்த அம்மா அழவில்லை. முன்னால் போகிறவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கலியாணம் போச்செண்டு வையுங்கோ," என்றார். "இனி ஏன் பஸ்சிலை திரிவான்? வீட்டை வந்தே எழுதுங்கோ. இப்பவே வாங்கோ அக்கா, கெதியா. உவா போய்ச் சொல்லமுதல் என்ரை பிள்ளைக்கு நான் சொல்லவேணும்."

இருவரும் வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். நான் யாழ்ப்பாணம் திரும்பும் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் வந்து நின்றேன். தூரத்தில் ஒழுங்கைக்காரி ஒரு வேலியோரம் நின்று, கைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள். அந்தத் தாய் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து ஓடினார்.